சகலை கட்டிய எஞ்சின்

சகலை கட்டிய எஞ்சின் ஆயில் கக்குகிறது என்று ஆரன் வந்து சொன்னபோது பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சிரிப்பு வெளியே வந்துவிடக் கூடாதே என்று குனிந்து, கையிலிருந்த ஸ்பானரை மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவினான். கழுவியதையே மறுபடியும் கழுவினான்.

"எவ்வளவு கக்குது?"

"கேக்காதீங்கண்ணே. கீழ இருக்கற பைப்புல புகை குபுகுபுன்னு வருது. கிளட்ச் பக்கம் ஆயில் ஒழுகி, வண்டி நிக்கற எடமெல்லாம் கறுப்பாயிடுச்சு. இன்னைக்குக் காலையில பாத்தா ஆயில் அளவு பாக்கற டிப் ஸ்டிக்கு தானா எழும்பி வெளிய எட்டிப் பாக்குது. பேய் புடிச்ச மாதிரி."

"அடப்பாவமே."

"காத்து ஏறவும் நேரமாகுதுண்ணே. பிரேக்குக்குக் காத்து வர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

"அது வேற விஷயம். அதை விடு. ஆயிலைப் பத்திச் சொல்லு."

ஆரன் என்பது பட்டப்பெயர். மாமனாரின் தண்ணீர் லாரியை ஓட்டுகிறவன். அவன் ரகசியம் பேசினாலே தெருக்கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். இவன் இருக்கும்போது லாரிக்குத் தனியாக ஆரன் எதற்கு என்று யாரோ கேட்டதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சின்ன மாப்பிள்ளை அந்த எஞ்சினை முழுசாகப் பிரித்துப் புதுசாகக் கட்டிக் கொடுத்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. அதற்குள் இந்தக் கூத்து. வழியில் இருக்கிற டீக்கடைகளிலெல்லாம் ஆரன் இந்தச் சேதியை ஒலிபரப்பிவிட்டுத்தான் வந்திருப்பான் என்று தோன்றியபோது, பெரிய மாப்பிள்ளைக்கு அவன் மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்தது. டீ வாங்கிக் கொடுத்தான். பன்னும் வாங்கிக் கொடுத்தான்.

மாமனாருக்கு இரண்டு பெண்கள், ஒரு தண்ணீர் லாரி. மூத்தவளைக் கட்டியவனும் மெக்கானிக், இளையவளைக் கட்டியவனும் மெக்கானிக். ஒரு உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அந்தக் கதைதான். மூத்தவளைக் கட்டிய பெரிய மாப்பிள்ளைக்கு ரோட்டோரம் நாலு தகரம்தான் தொழிற்சாலை. லாரிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்துத்தான் வேலை. மழை வந்தால் ரோட்டுத் தண்ணீர் முதுகுக்கு அடியில் ஓடும். வெயில் வந்தால் தகரம் தலைக்கு மேலே அடுப்பு மூட்டும். மாமனார் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் சும்மா கிடந்தது. உயரமான கூரை, சிமெண்ட் தரை, ஆள் நின்றபடி வேலை பார்க்கக் குழி, எஞ்சின் தூக்கச் சங்கிலிக் கப்பி, கை கழுவக் குழாய். ஒருமுறை வாய்விட்டுக் கேட்டான். "பாக்கலாம் மாப்பிள்ளை" என்றார் மாமனார். அவர் 'பாக்கலாம்' என்றால் இனி அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் சின்னவளுக்குக் கல்யாணம் நடந்தது. வந்தவன் ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருந்தவன். சட்டைப் பையில் பேர் தைத்த யூனிபார்ம் போட்டிருப்பான். அந்த சென்டரை மூடியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டு மாடிக்கே வந்து சேர்ந்தான். அவன் கேட்கவே இல்லை. மாமனாரே ஷெட் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார். கேட்டவனுக்குப் 'பாக்கலாம்', கேட்காதவனுக்குச் சாவி. அன்றிலிருந்து பெரிய மாப்பிள்ளை சகலையிடம் பேசும்போது 'ங்க' போட ஆரம்பித்தான். பிடிக்காதவனை எட்ட நிறுத்த அதைவிட நல்ல வேலி கிடையாது.

எஞ்சினைப் பிரித்த அன்று மாமனார் இன்னொரு காரியமும் செய்தார். பிள்ளைகளுக்குச் சொத்துப் பிரிப்பது போல எஞ்சினையே பிரித்தார். பெரிய மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதாம். பிஸ்டன், லைனர், கிராங்க், ஹெட் எல்லாம் சின்ன மாப்பிள்ளைக்கு. "கம்ப்ரசரை நீங்க பாத்துக் கொடுங்க மாப்பிள்ளை, உங்க கையும் பட்ட மாதிரி இருக்கட்டும்" என்று பெரிய மாப்பிள்ளைக்கு ஒன்றைத் தள்ளிவிட்டார். பிரேக்குக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரசர் அது. எஞ்சினின் இடுப்பில் கைக்குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன உருப்படி. பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு, அவனை மட்டும் ஊறுகாய் நக்கிவிட்டுப் போகச் சொன்னது போல இருந்தது. ஆனாலும் தூக்கிக்கொண்டு போய்த் தன் நாலு தகரத்துக்குக் கீழே வைத்து வேலை பார்த்துக் கொடுத்தான்.

ஆரனுடன் அவன் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டுப் புழுக்கம் ஏறியிருந்தது. லாரி ஷெட்டுக்குள் குழியின் மேல் நின்றது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட வீட்டுக்காரர் முகம் மாதிரி இருந்தது. சின்ன மாப்பிள்ளை கப்பிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"வாங்க மாப்பிள்ளை. உங்க சகலை கட்டின எஞ்சினை வந்து பாருங்க. வாயு புடிச்சுக் கெடக்கு."

"என்ன ஆச்சு மாமா?" என்றான், ஒன்றும் தெரியாதவன் போல.

"என்ன ஆச்சா? புதுசாக் கட்டின எஞ்சின் புகையா விடுது. அவரைக் கேட்டா, பாக்கறேன் பாக்கறேன்றாரு. எத்தனை நாள் பாப்பாரு? நீங்க பாத்து வாயால சொல்லுங்க. ரிங் வேலை தப்புன்னு நீங்க சொல்லிட்டா, இந்த ஷெட்டுச் சாவி இன்னைக்கே உங்க கையில. பேச்சுக்குச் சொல்லல." சின்ன மாப்பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறான். அது விழும் சத்தத்தையே இப்போது கேட்டான். சகலையை ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் தலை நிமிரவில்லை.

"வாங்க சகலை, ஸ்டார்ட் பண்ணலாம்," என்றான் மிக மரியாதையாக.

எஞ்சினுக்கு அடிவயிறு ஒன்று உண்டு. ஆயில் நிற்கிற இடம். பிஸ்டனுக்கு மேலே வெடிக்கிற காற்று அங்கேயே தங்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக இருக்கும் ரிங் தேய்ந்து போனால் அது பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி அடிவயிற்றை உப்ப வைக்கும். உப்பிய வயிறு எந்தச் சந்து கிடைக்கிறதோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். பேக் கம்ப்ரஷன் என்பார்கள் மெக்கானிக்குகள். மாமனார் வாயு என்று சொன்னதும் ஒன்றும் தப்பில்லை.

முதலில் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து அதே வாயில் வைத்தான். கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடி போலத் தடதடவென்று ஆடிற்று. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று ஆரன் கூவினான். அடுத்து, புகை போகும் பைப்பைக் கழற்றி வாயை வைத்து ஊதினான். அதில் அடைப்பு இருந்தாலும் வயிறு உப்பும். அடைப்பாக மட்டும் இருந்துவிடக் கூடாதே என்று ஊதுவதற்கு முன் வேண்டிக்கொண்டான். ஊதின காற்று சுளுவாக மறுபக்கம் போயிற்று. நிம்மதியாக இருந்தது.

அப்புறம் தன் பையிலிருந்து கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாயை எடுத்தான். அது அவனே கண்டுபிடித்த ஏற்பாடு. ஒரு பலகையில் குழாயைத் தொட்டில் கயிறு போல வளைத்துக் கட்டி, துணிக்குப் போடும் நீலம் கலந்த தண்ணீரைப் பாதி வரைக்கும் விட்டிருப்பான். ஒரு முனையை டிப் ஸ்டிக் ஓட்டையில் செருகிவிட்டால், அடிவயிற்றில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு மறுபக்கம் தண்ணீர் ஏறும். செருகினான். நீலத் தண்ணீர் விறுவிறுவென்று ஏறி நின்றது. மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, சின்ன மாப்பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இனி எந்த பிஸ்டன் என்று பிடிக்க வேண்டியதுதான். டீசல் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் அந்தந்த பிஸ்டனில் வெடிப்பு நின்றுவிடும். ரிங் கெட்ட பிஸ்டன் வரும்போது தண்ணீர் இறங்கும். குற்றவாளிகளை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்வது மாதிரிதான். முதல் பைப்பைத் தளர்த்தினான். எஞ்சின் நொண்டியது, தண்ணீர் இறங்கவில்லை. இரண்டாவதற்கும் இறங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கடைசி பைப்புக்கும் வந்துவிட்டான். தண்ணீர் ஏறின இடத்திலேயே பிடிவாதமாக நின்றது.

அவனுக்கு உள்ளுக்குள் இலேசாக உதைத்தது. ஆறு பிஸ்டனும் ஒரே மாதிரி கெட்டிருக்குமா? புது ரிங் எல்லாம் பேசி வைத்துக்கொண்டா தேயும்? 'இருக்கலாம். மட்டமான ரிங் போட்டிருப்பான்' என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான். மனசும் சமாதானம் ஆகிற மாதிரிதான் இருந்தது.

அப்போது லாரிக்கு அடியில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

பிரேக்குக்கான காற்றுத் தொட்டி நிரம்பியதும் வருகிற சத்தம். இனி காற்று அடிக்க வேண்டாம் என்று கம்ப்ரசருக்கு ஓய்வு கொடுக்கிற சத்தம். எந்த லாரியிலும் வருவதுதான், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதே நொடியில் நீலத் தண்ணீர் மளமளவென்று கீழே இறங்கி, இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

பெரிய மாப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் டிரைவர் ஸீட்டில் ஏறி, பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றைத் தீர்த்தான். இறங்கி வந்து பார்த்தான். தண்ணீர் மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது. 'உஸ்ஸ்' வந்ததும் இறங்கியது.

கம்ப்ரசர். அதற்குள்ளும் ஒரு சின்ன பிஸ்டன் உண்டு. அதன் ரிங் கெட்டுப் போய், தொட்டிக்குப் போக வேண்டிய காற்று எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்குகிறது. காற்று ஏற நேரமாகிறது என்று ஆரன் காலையிலேயே சொன்னான். அது வேற விஷயமா? அதுதான் விஷயமே.

அந்தக் கம்ப்ரசரைக் கட்டிய நாள் அவனுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. எஞ்சின் முழுக்க அவனுக்கு, இந்தப் பொடிசு எனக்கா என்று உள்ளே கொதித்துக்கொண்டே பிஸ்டனை உள்ளே தள்ளினான். ரிங்கை நெருக்கிப் பிடிக்கிற தகட்டைத் தேடப் பொறுமை இல்லை. விரலாலேயே நெருக்கித் தள்ளினான். 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. வெளியே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். 'இந்த வேலைக்கு இது போதும்' என்று மூடிவிட்டான். எரிச்சலோடு போட்ட ரிங் உடைந்து, உடைந்த துண்டு இத்தனை நாளும் உள்ளே கீறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மாமனார் யாருடனோ போனில் தண்ணீர் கொண்டுபோவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆரன் அதற்கு நடுவில் புகுந்து பேசினான். சகலை பார்த்தானா? எஞ்சினுக்கு அந்தப் பக்கம் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். தெரியவில்லை. பெரிய மாப்பிள்ளை எஞ்சினை நிறுத்தினான்.

"சூடா இருக்கு மாமா. ஆறட்டும். சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்."

"ரிங்தானே?"

"அப்படித்தான் தெரியுது," என்றான். எந்த ரிங் என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குக்கூட இலை தேவைப்படும். அவனுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

சாப்பாட்டுக்கு அவன் மனைவியும் வந்திருந்தாள். தங்கச்சி வீட்டில் பிரச்சினை என்றால் அக்காவின் கால் அவளைக் கேட்காமலே கிளம்பிவிடும். பொரித்த மீனும் குழம்பும் சோறுமாக அக்காவும் தங்கையும் பரிமாறினார்கள். சின்ன மாப்பிள்ளை பசியில்லை என்று ஷெட்டிலேயே இருந்துவிட்டான். சின்னவளின் கண் வீங்கியிருந்தது. மாமனார் சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தார். மீனைவிட அந்தச் சாவிதான் பெரிய மாப்பிள்ளையின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அது எவ்வளவு கனம் இருக்கும், கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருக்குமா என்றெல்லாம் நினைத்தான். குழியில் நின்றபடி வேலை செய்யலாம். முதுகு நனையாது.

சின்னவள் குழம்பை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அத்தான், ஷெட்டை நீங்க எடுத்துக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவரை எல்லார் முன்னாடியும் வெச்சுச் சொல்லாதீங்க. அவரு சரியா சாப்பிட்டே நாளாச்சு."

தொண்டையில் முள் மாட்டியது போல இருந்தது. வெறும் சோறாக உருட்டி விழுங்கிப் பார்த்தான். மீன் முள் என்றால் போயிருக்கும்.

கை கழுவும் இடத்தில் மனைவி துண்டுடன் வந்து நின்றாள். "என்னங்க, நிஜமாவே அவரு வேலைதான் தப்பா?"

"ஏன், ஒனக்குச் சந்தேகமா?"

"சந்தேகமெல்லாம் இல்ல. அவரு வேலை தப்புன்னா இந்நேரம் நீங்க ரெண்டாந்தடவை சோறு வாங்கியிருப்பீங்க. ஒரு தடவை வாங்கினதையே பெசஞ்சுக்கிட்டு இருந்தீங்க."

"மீனுல உப்பு ஜாஸ்தி."

"நான்தான் பொரிச்சேன்," என்றாள். துண்டைத் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவன் ஷெட்டுக்கு நடந்தான். வழியிலேயே ஒரு திட்டம் உருவாகிவிட்டது. காற்றுத் தொட்டியின் அடியில் இருக்கும் குழாயை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கம்ப்ரசர் ரிங் போயிருந்தால் தொட்டியிலும் ஆயில் இறங்கியிருக்கும். நிச்சயமாகிவிட்டால், 'கம்ப்ரசரையும் ஒரு தடவை எடுத்துட்டுப் போய்ப் பாத்துடறேன்' என்று கழற்றிக்கொண்டு போய், ரகசியமாகச் சரிசெய்து மாட்டிவிடலாம். எஞ்சினையும் பிரித்துப் புது ரிங் போட்ட மாதிரி காட்டிவிட்டால் பேரும் அவனுக்கு, ஷெட்டும் அவனுக்கு. கெட்ட காரியம் என்று தெரிந்தது. ஆனால் சகலை அந்தக் குழியில் நிமிர்ந்து நிற்கிற காட்சி கண்ணில் வந்ததும், அவ்வளவு ஒன்றும் கெட்டதாகத் தோன்றவில்லை.

ஷெட்டுக்குள் சின்ன மாப்பிள்ளை லாரியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். காற்றுத் தொட்டியின் குழாய் திறந்திருந்தது. சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஆயில். அவன் விரலெல்லாம் ஆயில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன மாப்பிள்ளை கிழிந்த பனியன் துணியை எடுத்துத் தரையில் இருந்த ஆயிலைத் துடைத்தான். சுத்தமாக, கறையில்லாமல் துடைத்துவிட்டுக் குழாயை மூடினான். அதற்குள் மாமனார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பல் குத்திக்கொண்டே வந்துவிட்டார். பின்னாலேயே அக்காவும் தங்கையும், அவர்களுக்குப் பின்னால் ஆரனும்.

"என்ன மாப்பிள்ளை, எறக்கிடலாமா எஞ்சினை?"

பெரிய மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் சின்ன மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"எறக்கிடலாம் மாமா. என் ரிங்தான். போடறப்பவே கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னுதுதான். சாவியை அண்ணன்கிட்டயே கொடுத்துடுங்க."

முதலில் பெரிய மாப்பிள்ளைக்குத் தப்பித்தோம் என்றுதான் தோன்றிற்று. தொண்டை முள்ளும் கரைந்து போனது. மாமனார்கூடக் குரல் இறங்கி, "சரி விடுங்க, மனுசன்னா தப்பு வரும்" என்றார். திட்டக் காத்திருந்த மனுஷர், ஒப்புக்கொண்டவனின் முதுகில் தட்டினார். சின்னவள் புருஷனைப் பார்த்த பார்வையில் ஒரு கர்வம் இருந்தது. அதெல்லாம்கூடப் போகட்டும். அவனுடைய சொந்த மனைவி, பக்கத்தில் நின்றவள், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்:

"தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு பெரிய மனசு வேணும்."

அவ்வளவுதான். எரிகிற நெருப்பில் எண்ணெய் விழுந்தது. தப்பு இவனுடையது. அதை ஒத்துக்கொண்ட பேர் மட்டும் அவனுக்கா? ஷெட்டை எடுத்துக்கொண்டான், மாமனாரை எடுத்துக்கொண்டான், இப்போது நல்லவன் பட்டத்தையும் தூக்கிக்கொண்டு போகிறானே! இனி எந்த விசேஷத்தில் எதிர்ப்பட்டாலும் அவன் பெரிய மனசு பண்ணின முகத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சாகிற வரைக்கும் சோறு தின்ன வேண்டும். அதற்கு ஷெட் இல்லாமல் ரோட்டுத் தண்ணீரில் கிடந்து செத்தாலும் தேவலாம்.

"கம்ப்ரசர்!" என்று கத்தினான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரிங்குமில்ல ஒண்ணுமில்ல. கம்ப்ரசர். நான் கட்டின கம்ப்ரசர். இவன் வேலையில ஒரு குத்தமும் கெடையாது. டேய் ஆரன், ஏறி ஸ்டார்ட் பண்ணு. நான் சொல்றப்ப பிரேக்கை மிதி."

ஆரன் ஏறினான். எஞ்சின் ஓடியது. பிரேக்கை மிதிக்க மிதிக்க நீலத் தண்ணீர் ஏறியது. 'உஸ்ஸ்' வந்ததும் இறங்கியது. மாமனாருக்குப் புரிகிற வரைக்கும் மறுபடி மறுபடி செய்து காட்டினான். பிஸ்டனைத் தள்ளியபோது 'டிக்' என்று கேட்டதையும், கேட்டும் திறந்து பார்க்காமல் விட்டதையும் சொன்னான். "இவனுக்கும் தெரியும் மாமா. தொட்டியைத் தொறந்து பாத்துட்டுத்தான், என் ரிங்னு சொல்றான். கேளுங்க."

எஞ்சின் நின்றது. சின்ன மாப்பிள்ளையின் முகம் சிவந்து போயிருந்தது.

"உங்களை யாருண்ணே இப்பப் பேசச் சொன்னது?" என்றான். குரல் உடைந்தது. "நான்தான் ஒத்துக்கிட்டேன்ல? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"ஒன் புண்ணியம் எனக்கு எதுக்குடா?"

"எனக்கு வேணும்ணே! நான் ஒரு எஞ்சினைக் கட்டி மொதத் தடவை ஸ்டார்ட் பண்றப்போ மாமா என்ன சொல்வாரு தெரியுமா? 'பெரியவரைக் கூப்பிட்டுக் காது வெக்கச் சொல்லு.' ஒவ்வொரு எஞ்சினுக்கும் இதேதான். நீங்க காது வெச்சாத்தான் அது எஞ்சின். நான் கட்டினா இரும்பு. இந்த ஷெட்டு இருக்கே, யாரு ஷெட்டுன்னு எவனைக் கேட்டாலும் மாமனாரு ஷெட்டும்பான். உங்களுக்கு நாலு தகரந்தான். ஆனா எந்த டிரைவரைக் கேட்டாலும் அது உங்க எடம். அந்தத் தகரத்தைத் தாண்டிப் போறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். அதுக்காகவே சுத்திக்கிட்டு வேற ரோட்டுல போறேன், தெரியுமா?"

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். கையில் இருந்த ஆயில் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களைவிட நான் ஒசத்தியா இருந்துட்டுப் போறேன்னு பாத்தேன். உங்க தப்பை நான் மூடினேன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டே காலத்தை ஓட்டியிருப்பேன். அதையும் கெடுத்துட்டீங்க."

ஆரன் வாழ்நாளிலேயே முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

மாமனார் சாவியைப் பார்த்தார். இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்த்தார். "ஒருத்தருக்கும் மனசு நோகக் கூடாதுன்னு எஞ்சினைப் பிரிச்சுக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்றார். சாவியை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஷெட்டு இருக்கறபடியே இருக்கட்டும். பெரிய மாப்பிள்ளை, நீங்க அந்தக் கம்ப்ரசரைக் கழட்டிக் கட்டுங்க. இந்தத் தடவை உங்க சகலை பக்கத்துல நின்னு பாத்துக்கட்டும்."

சுள்ளென்று பட்டது. கம்ப்ரசரைக் கழற்றிப் பலகையில் வைத்துத் திறந்தபோது, ரிங் மூன்று துண்டாக ஆயிலில் கிடந்தது. உள்சுவரில் நகத்தால் பிறாண்டினது போல நீளமாகக் கீறல். சின்ன மாப்பிள்ளை தன் பெட்டியிலிருந்து புது சிலிண்டரும் ரிங்கும் எடுத்து வந்தான். ரிங்கை நெருக்கிப் பிடிக்கும் தகட்டையும் எடுத்து வந்து, அவனே பிடித்துக்கொண்டான். பெரிய மாப்பிள்ளை பிஸ்டனைத் தள்ளினான். "மெதுவாண்ணே" என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு பேச்சில்லை. இரண்டு பேர் தலையும் ஒன்றோடொன்று முட்டுகிற அளவுக்குக் கிட்டத்தில் இருந்தது. மாட்டி ஓட விட்டபோது, கவிழ்த்து வைத்த மூடி வைத்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மாமனார் பார்த்துவிட்டுச் சின்ன மாப்பிள்ளையிடம்தான் கேட்டார்: "சரியாயிடுச்சா?" அவன்தான் சொன்னான், சரியாகிவிட்டது என்று.

சாயங்காலம் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினான். கொஞ்ச தூரம் போனதும் அவள் அவன் முதுகில் காதை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, பாடறீங்களா?"

"இல்லையே."

"உள்ளுக்குள்ள கேக்குது. ஷெட்டும் போச்சு, அத்தனை பேரு முன்னாடி மானமும் போச்சு. அப்பா இனிமே உங்ககிட்ட ஒரு போல்ட்டைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டாரு. எதுக்கு இந்தப் பாட்டு?"

அவன் ஸ்கூட்டரை மெதுவாக்கினான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி வாய் காது வரைக்கும் விரிந்தது. நல்லவேளை, பின்னால் இருப்பவளுக்கு முகம் தெரியாது.

"அவனுக்கு என் மேல பொறாமையாம்," என்றான்.

"ஆமா. அதுக்கு?"

"நம்ம தகரத்தைப் பாக்க முடியாம வேற ரோட்டுல சுத்திக்கிட்டுப் போறானாம்."

"நானும்தான் பக்கத்துல நின்னேன். கேட்டேன்."

"நீயும் கேட்டேல்ல?" தூறல் கண்ணில் அடித்தது. பிறகு தலையை இலேசாகத் திருப்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "அவன் சொன்னதை அப்படியே ஒரு தடவை நீ சொல்லேன். வயிறு எரியுதுன்னான் பாரு, அங்கருந்து."

அவள் முந்தானையை இழுத்து அவன் தலைக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."